எந்தத் தாத்தாவிலிருந்து எண்ணுவது?

"கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்தானே, நமக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்காதா?" மலேசியாவின் கெமாஸ் தோட்டப்புறத்தில் வளர்ந்து, இப்போது வேறு நாட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. வம்சாவளியைக் காட்டிய உடனே குடியுரிமை கிடைக்காது. கிடைக்கக்கூடியது ஓசிஐ அட்டை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

ஓசிஐ திட்டம் 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெயரில் 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' என்று இருந்தாலும் அடிப்படையில் அது ஆயுள் விசா. எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம், தங்கலாம், தொழில் செய்யலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலமோ எஸ்டேட்டோ விலைக்கு வாங்க முடியாது. பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பத்துக்கு அங்கேயும் தோட்டம் சொந்தமாகாது!

இனி, யாருக்குக் கிடைக்கும்? பலரும் முதலில் கப்பலேறியவரிலிருந்து தலைமுறையை எண்ணி, "நான் ஐந்தாவது, எனக்கு வராது" என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படி எண்ணுவதில்லை. இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகும் தகுதி யாருக்கு இருந்தது என்பதிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறது. அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, தாமோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்ந்தவருக்கும் அந்தத் தகுதி உண்டு.

ஓர் உதாரணம். உங்கள் தாத்தா 1930இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கங்காணியோடு வந்தவர். அப்படியானால் 1950இல் தாத்தாவே தகுதி பெற்றவர். அவருடைய பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை விண்ணப்பிக்கலாம். பெண் வழியும் செல்லும். கப்பலேறியவரிலிருந்து எண்ணினால் ஐந்தாம் ஆளாக வருகிறவரும் இப்படி உள்ளே வந்துவிடுகிறார். 2025இல் மொரிஷியஸுக்கு ஏழாம் தலைமுறை, டிரினிடாடுக்கு ஆறாம் தலைமுறை வரை என்று இந்தியா தனிச் சலுகையும் அறிவித்தது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், பணம் கட்டுமுன் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகுதி இருந்துவிட்டால் போதாது, நிரூபிக்க வேண்டும், சிக்கலே அங்கேதான். உங்களிலிருந்து இந்தியாவில் பிறந்த முன்னோர்வரை ஒவ்வொரு கண்ணிக்கும் பிறப்புப் பத்திரம் போன்ற ஆதாரம் வேண்டும். நம் ஐசியில் (அடையாள அட்டையில்) பெயருக்கு நடுவே நிற்கும் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) இங்கே பெரிய உதவி; அப்பா பெயர் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் ராமசாமி என்ற ஒரே பெயரை மூன்று கிராணிகள் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். லயத்திலேயே பிறந்து, பதிவே செய்யப்படாத பிள்ளைகளும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு இடம் மாறின. போர்க்காலத்தைக் கேட்கவே வேண்டாம். கெமாஸிலிருந்து தும்பாட் போகும் பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்து ஆட்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். திரும்பாத பலருக்கு இறப்புப் பத்திரம்கூடக் கிடையாது.

இந்தக் காகிதப் பாடு நமக்குப் புதிதல்ல. மெர்டேக்காவுக்கு முன் பிறந்த நம் பெரியவர்கள் பலர், 1957க்குப் பின் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. போடத் தெரியாமல் இருந்தவர்கள் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடு நின்றார்கள். குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது; அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். இங்கே பிறந்ததைக் காட்ட அன்று காகிதம் தேடினோம். தாத்தாவின் அப்பா அங்கே பிறந்ததைக் காட்ட இன்று தேடுகிறோம்.

முழுக் குடியுரிமைக்கும் வழி இருக்கிறது. ஓசிஐ எடுத்து ஐந்து ஆண்டு ஆகி, விண்ணப்பத்துக்கு முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்திருந்தால் மனுச் செய்யலாம். ஆனால் இந்தியாவும் இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, மலேசியாவும் ஏற்பதில்லை. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் குடியுரிமையைப் பறிக்க மலேசிய அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு இடம் தருகிறது. தாத்தா அலைந்து திரிந்து வாங்கிய குடிமக்களுக்கான நீல ஐசியை, படிப்புக்காகவோ வியாபாரத்துக்காகவோ விட்டுக்கொடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்தத் தேவைகளுக்கு ஓசிஐ போதும்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அட்டை எடுக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், அவர்கள் பெற்றோரின் ஊர், தாலுகா, ஊரில் வழங்கிய பெயர் மூன்றையும் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.