மோனிக்காவின் கண்ணீரும் மகனின் வறண்ட கண்களும்



இன்று ஆகஸ்ட் 27, புனித மோனிக்காவின் நினைவு நாள். நாளை அவருடைய மகன் அகுஸ்தினாருக்கு. மோனிக்கா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கண்ணீர்தான். வழிதவறிப் போன மகனுக்காக ஆண்டுக்கணக்கில் அழுத தாய் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். அழ வேண்டிய நாளில் அழாமல் நின்ற ஒருவரும் அதே வீட்டில் இருந்தார். அவரைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

கி.பி. 387, பாஸ்கா விழா. மிலானில் ஆயர் அம்புரோசின் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெறுகிறார். அதே ஆண்டில் தாயும் மகனும் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பக் கிளம்பி, உரோமைக்கு அருகே ஓஸ்தியா துறைமுகத்தில் தங்கியிருக்கிறார்கள். அங்கே மோனிக்கா காய்ச்சலில் படுக்கிறார். ஒன்பதாம் நாள் உயிர் பிரிகிறது. வயது 56. கண்களை மூடிவிடுவது மகன்தான். பேரன் வாய்விட்டு அழுகிறான். சுற்றியிருந்தவர்கள் அவனை அடக்குகிறார்கள். விசுவாசத்தோடு இறந்தவளுக்கு ஒப்பாரி எதற்கு என்பது அவர்கள் நினைப்பு. நண்பர் ஒருவர் திருப்பாடலை எடுக்க, வீட்டார் சேர்ந்து பாடுகிறார்கள்.

அகுஸ்தினாரின் கண்ணில் நீர் இல்லை. பொங்கி வந்ததை வலுக்கட்டாயமாக உள்ளே இழுத்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களோடு நிதானமாகப் பேசினார். இவருக்கு வருத்தமே இல்லை போலும் என்று அவர்கள் எண்ணினார்கள். கல்லறையருகே திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டபோதும் அவர் அழவில்லை. குளித்தால் மனபாரம் இறங்கும் என்று கேள்விப்பட்டுக் குளிக்கப் போனார். குளித்தும் பாரம் அப்படியே இருந்தது. ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, தனியே படுத்திருந்தபோது அம்புரோசு இயற்றிய பாடல் ஒன்று நினைவுக்கு வந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. அதுவும் ஒரு மணி நேரத்தில் சிறு பகுதிதான் என்று, பத்து ஆண்டுகளுக்குப் பின் ஆயராக இருந்தபோது எழுதுகிறார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குக்கூட, படிப்பவர்கள் சிரிப்பார்களோ என்று அவருக்குக் கூச்சம்!

அவரை அன்பில்லாத மகன் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? நம் துக்க வீடுகளில் வருகிறதே. “புருஷன் போயிட்டான், ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாரு, கல்நெஞ்சுக்காரி” என்கிறோம். முப்பதாம் நாள் பூசை கழிந்தும் ஒருத்தி அழுதுகொண்டிருந்தால், “இன்னுமா அழற? செபம் பண்ணு, சரியாயிடும்” என்கிறோம். ஆண்பிள்ளை அழுதால் அதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அடுத்தவரின் கண்ணீரை அளக்கும் வேலையை நமக்கு யார் கொடுத்தது?

“ஆண்டவரே அழாதே என்று சொன்னாரே, சாமி” என்று நீங்கள் கேட்கலாம். இன்று வாசித்த நற்செய்தியில், நயீன் ஊர்க் கைம்பெண்ணிடம் சொன்னார்தான். ஆனால் சொன்ன கையோடு என்ன செய்தார்? கிட்டப் போய்ப் பாடையைத் தொட்டார். பாடையைத் தொட்டால் தீட்டு என்று ஒதுங்கும் காலம் அது. இளைஞனை எழுப்பித் தாயிடம் கொடுத்தார். நாம் அவருடைய சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம், பாடையருகே போகவில்லை. பெத்தானியாவில் இலாசரை எழுப்பப்போவது தெரிந்தும் அவரே அழுதார் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

மாதக்கணக்கில் அழுகை நிற்காதவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சமைக்கும்போது வருகிறது, பேருந்தில் வருகிறது, காரணமே தெரியாமல் வருகிறது. உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மோனிக்கா தம் கண்ணீரை ஓர் ஆயரிடம் கொண்டுபோனார். விடாமல் அழுது கெஞ்சியதில் அந்த ஆயருக்கே கொஞ்சம் சலிப்புத் தட்டிவிட்டதாம். (குருக்களுக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு, மன்னியுங்கள்.) ஆனாலும், இத்தனை கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோக மாட்டான் என்று தேற்றித்தான் அனுப்பினார். அழுகையை ஒரு மனிதரிடம் கொண்டுபோனார் பாருங்கள், அதைச் செய்யுங்கள். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரிடமும் போக வேண்டும். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். குழந்தை பெற்ற பெண்கள் முதல் சில நாள் அழுவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், மாமியார்மார்களே, அவளைத் திட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அழுகையே வராதவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதிர்ச்சியில் உள்ளம் மரத்துப்போவது உண்டு. மனச்சோர்விலும் கண் வறளும். அதற்கான மாத்திரை சாப்பிடும் சிலருக்கும் கண்ணீர் வராமல் போவதுண்டு; மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அடித்துப் பிழிந்து கண்ணீரை வரவழைக்க வேண்டியதில்லை. செபிக்க வார்த்தை வராவிட்டால் 88ஆம் திருப்பாடலை எடுத்து வாசியுங்கள். மற்றப் புலம்பல்கள் போல அது நன்றியில் போய் முடியாது, இருளிலேயே முடிகிறது. அப்படி ஒரு செபத்தைத் திருச்சபை வெட்டி எறியாமல் வைத்திருப்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

சாவதற்கு முன் மோனிக்கா மகன்களிடம் ஒன்றுதான் கேட்டார். என் உடலை எங்கு வேண்டுமானாலும் வையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அகுஸ்தினார் அதைத் தம் நூலைப் படிப்பவர்களிடமும் கேட்டுக்கொண்டார், தந்தை பத்ரீசியுவின் பெயரையும் சேர்த்து. இன்றைய மன்றாட்டில் அந்த இருவரின் பெயரையும் சொல்லப்போகிறோம். அதன்பின் சற்று நிறுத்துவேன். உங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை, அவர்களுக்காக நீங்கள் அழுதிருந்தாலும் அழாதிருந்தாலும், வாய்விட்டே சொல்லுங்கள்.