வீரியமும் நியமமும்

"மன உறுதி எனக்குப் பிறவியிலேயே இல்லை" என்று கூறிக்கொண்டு தீய பழக்கத்தைத் தொடர்பவர் நம்மிடையே பலர் உளர். அருகன் அறவுரையில் இக்கூற்றுக்கு இடமில்லை. அனந்த ஞானம், அனந்த தரிசனம், அனந்த சுகம் ஆகியவற்றோடு அனந்த வீரியமும் ஆன்மாவின் இயல்பேயாம். அவ்வாற்றலைத் தடுப்பது எண்வினைகளுள் ஒன்றாகிய அந்தராயம். அதன் 5 பிரிவுகளுள் ஒன்று வீரியாந்தராயம். ஆயினும் அவ்வினை ஆற்றலை முற்றிலும் மறைத்துவிடுவதில்லை. க்ஷயோபசமத்தால் ஓரறிவுயிர்க்கும் சிறிதளவு வீரியம் உண்டு. புல்லுக்கே உண்டெனில் மானிடப் பிறவி எய்திய நமக்கு இல்லாமற் போகுமா? உள்ள சிறிதளவின்மீது எத்துணைச் சுமையை ஏற்றுவது என்பதே வினா.

இவ்விடத்தில்தான் நம் பெரியோர் சிலர் தவறிழைக்கின்றனர். தசலட்சண பருவத்தில் இளைஞனொருவனைச் சன்னிதியில் நிறுத்தி, வாழ்நாள் முழுதும் புகையிலையைத் தொடேன் என்று சொல்லுமாறு வற்புறுத்துகின்றனர். நானறிந்த நெல் வணிகர் ஒருவர் அவ்வாறே சொன்னார். 11ஆம் நாள் தவறினார். அதன்பின் 2 ஆண்டுகள் அவர் ஜினாலயத்தின் பக்கமே வரவில்லை. புகையிலை நிற்கவில்லை, வழிபாடு நின்றது. அவருடைய தாயார் மட்டும் தனியே வந்து, மகனுக்கென்று சிறு கிண்ணத்தில் கந்தோதகம் வாங்கிச் செல்வார்.

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில், துய்ப்பனவற்றைத் துறக்க இருவழி காட்டுகிறார். காலவரை உடையது நியமம். வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம். நியமத்திற்கு ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், ஓர் அயனம் எனக் காலத்தைப் படிப்படியாக வளர்த்துச் செல்கிறார். எளிமையிலிருந்து கடினத்திற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தனர். அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்த ஆசிரியர் அவர்!

புகையிலையை விட்டவர்க்கு முதற் சில நாட்களே கொடியவை. 2 முதல் 4 வாரங்களில் உடலின் தவிப்பு பெரும்பாலும் தணியும் என்பர் மருத்துவர். ஆகவே ஒரு பக்கமாகிய 15 நாள் நியமம் சிறிதன்று. ஒருமுறை எழும் வேட்கையோ சில நிமிடங்களே நிற்கும். சாமாயிகத்திற்கு உரிய 2 நாழிகை என்பது 48 நிமிடம். பஞ்ச நமஸ்காரத்தோடு அமர்ந்தால், நாம் எழுமுன் வேட்கை எழுந்து போய்விடும்.

அப்படியும் தவறினால்? அமிதகதி ஆசாரியர் தவற்றில் நான்கு படிகள் காண்கிறார். மனத்தூய்மை குலைவது அதிக்கிரமம். ஒழுக்கத்தின் வேலியைத் தாண்டுவது வியதிக்கிரமம். துறந்த பொருளில் ஈடுபடுவது அதிசாரம். அதிலேயே மூழ்கிக் கிடப்பது அனாசாரம். கடைத்தெருவில் நினைவு தடுமாறும்போதே திரும்பினால் முதற்படியோடு போயிற்று. நெல் வணிகர் 11ஆம் நாள் வாயிலிட்டது ஒரு சிட்டிகை, அஃது அதிசாரமே. அதனை அனாசாரமென்று தாமே தீர்ப்பெழுதிக்கொண்டதனால்தான் எஞ்சிய 2 ஆண்டுகளும் வீணாயின. காத்து நின்ற 10 நாட்களை அவர் எண்ணவில்லை; நாமும் எண்ணச் சொல்லவில்லை.

தத்துவார்த்த சூத்திரம் பிராயச்சித்தத்தை 9 வகையாகக் கூறுகிறது. குற்றத்தை மறையாது எடுத்துரைக்கும் ஆலோசனையில் தொடங்கி, மீண்டும் நிலைநிறுத்தும் உபஸ்தாபனத்தில் அது முடிகிறது. மாதவர்க்கே மீளும் வழி திறந்திருக்க, இல்லறத்தார்க்கு அதனை அடைப்பவர் யார்?

அவ்வணிகரிடம் தாயார் ஒருநாள், "ஒரு பக்கம் மட்டும் இருந்து பார், அப்பா" என்றார். அது முடிந்ததும் அவரே மற்றொரு பக்கம் கேட்டு வாங்கினார். இப்போது ஒரு திங்கள் நியமத்தில் இருக்கிறார்.