இசையும் பற்றும்

இசையை விரும்பாதாரைக் காண்பது அரிது. விரும்பிய இசையை மீண்டும் கேட்க அவாவுவதும் மக்கட்கு இயல்பே. ஆயினும் அவ்விருப்பம் எவ்விடத்தில் பற்றாக மாறுகின்றது? மாறியபின் அது நம்மோடு நிற்குமோ, பிறர்க்கும் தீங்காகுமோ? தம்ம நெறியை மேற்கொண்ட நாம் இதனை ஆராய்தல் கடமையாகும். யாம் செய்த பிழை ஒன்றையே இங்குச் சான்றாக வைக்கின்றோம்.

அண்ணல் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் மறைந்தார். மறுநாள் அவர்தம் உடல் தாதர்க் கடற்கரையில் எரியூட்டப்பெற்றது. அவ்விடமே சைத்யபூமி. ஆண்டுதோறும் அந்நாளில் பெருந்திரளான மக்கள் அங்குக் கூடுகின்றனர். அருகிலுள்ள சிவாஜி பார்க் திடலில் மராத்திப் பாடகர் பலர் பாடுகின்றனர். சீத்தா கேம்பில் வாழும் நாமும் மான்குர்த் நிலையத்தில் ஏறி, குர்லாவில் வண்டி மாறித் தாதர் செல்கின்றோம். நம் தாய்மொழி தமிழே எனினும், வாமன்தாதா கர்டக் போன்றோர் இயற்றிய மராத்திப் பாடல்கள் நமக்கு அயலானவை அல்ல.

சில ஆண்டுகட்கு முன், யாம் பெரிதும் போற்றும் முதிய பாடகர் ஒருவரை டிசம்பர் 5ஆம் நாள் இரவு கேட்டோம். அன்னை ரமாபாயின் வறுமையைக் கூறும் பாட்டில், ஓரிடத்தில் அவர் சற்றே நிறுத்திப் பின் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். கூட்டம் அசையாது நின்றது. வீடு திரும்பிய பின்னும் அந்த ஒரு கணமே எம் செவியில் நின்றது.

மறுநாள் இரவும் சென்றோம். உண்மையைக் கூறின், அவரைக் கேட்கச் சென்றோமல்லோம். நேற்றைய கணத்தைத் திரும்பப் பெறச் சென்றோம். அன்று அவர் குரல் கம்மியிருந்தது. அதே பாட்டைப் பாடினார். ஆனால் அவ்விடத்தில் நிறுத்தவில்லை. யாம் பத்து ரூபாய்த் தாளை நீட்டி, "ஒன்ஸ்மோர்" என்றோம். பிறரும் உடன் கூவினர். அவர் மறுக்காது மீண்டும் பாடினார். பின்னும் கேட்டோம், பின்னும் பாடினார். மூன்றாம் முறை உச்சத்தில் குரல் முறிந்தது. துணைப்பாடகர் பாட்டை ஏற்று முடித்தார். முதியவரோ அமர்ந்து, நீர் பருகி, பிழை தம்முடையது போல் எம்மை நோக்கிக் கைகூப்பினார். அக்காட்சி இன்றும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

சம்யுத்த நிகாயத்தில் பகவன் கூறிய உவமை ஒன்றுண்டு. யாழொலியை முன்பு கேட்டறியாத அரசன் ஒருவன் அவ்வொலியில் மயங்கினான். ஏவலர் யாழைக் கொணர்ந்தனர். "யாழ் வேண்டா, அவ்வொலியைக் கொணர்மின்" என்றான். பத்தர், தோல், தண்டு, நரம்பு, மீட்டும் கோல், மீட்டுவோன் முயற்சி ஆகிய பலவும் கூடும்போதே ஒலி பிறக்கும் என்று அவர்கள் விளக்கினர். அவன் கேளாது யாழைச் சிறு துண்டுகளாக உடைத்தான், எரித்தான், சாம்பலைக் காற்றில் தூற்றினான். ஒலி அகப்படவில்லை. யாழ் இழிந்த பொருள் என்று பழித்தான். ஐந்து கந்தங்களிலும் 'நான்' என ஒன்றைத் தேடின் அகப்படாது என்பதை விளக்கவே பகவன் இவ்வுவமையைக் கூறினார்.

அவ்வரசனைக் கண்டு நகைப்பது எளிது. யாம் செய்ததும் அதுவே அன்றோ? முதல் இரவின் அக்கணம், ஓய்ந்திருந்த தொண்டை, கூட்டத்தின் அமைதி, எதிர்பாராது கேட்ட எம் செவி ஆகிய பலவற்றின் கூட்டத்தால் பிறந்தது. அது பாடகரின் தொண்டைக்குள் பொதிந்திருப்பதாகவும், பத்து ரூபாய் கொடுத்து அதனை வெளியே எடுக்கலாம் எனவும் கருதினோம்.

"அவர் உவந்துதானே பாடினார்? பொருளும் பெற்றாரே?" எனச் சிலர் வினவலாம். பாட்டையே பிழைப்பாகக் கொண்டவர் கேட்போரை மறுப்பது எளிதன்று. மறுக்க இயலாதவரிடம் பெற்ற இசைவை உவப்பெனக் கொள்ளலாகாது.

அங்ஙனமாயின் இசையை விலக்குவதோ? அன்று. உபோசத நாளில் எண்சீலம் காப்போர் ஆடல் பாடலைத் தவிர்ப்பர். நாள்தோறும் நாம் காக்கும் ஐந்து சீலங்களில் அவ்விலக்கு இல்லை. பஞ்சசிகன் யாழ் மீட்டிப் பாடியபோது, நரம்பின் ஒலியும் குரலும் நன்கு இயைந்தன எனப் பகவனே பாராட்டினார் எனத் தீக நிகாயம் கூறும். ஆகலின் குற்றம் இசையிலன்று. ஒன்றைக் கண்டபடியே மீண்டும் காண வேண்டும் என்னும் வேட்கையிலேயே உள்ளது.

விட்டல் உமாப் என்னும் புகழ்பெற்ற மராத்திப் பாடகர் 2010 நவம்பர் 26ஆம் நாள் நாகபுரி தீட்சாபூமியில் மேடையிலேயே உயிர் நீத்தார். அவர்தம் ஒலிப்பதிவுகளை இன்றும் எத்தனை முறை வேண்டினும் கேட்கலாம், பதிவுக்குக் களைப்பில்லை. பாடும் மனிதருக்கோ மூச்சுண்டு, முதுமையுண்டு.

அன்பர்காள், இரண்டாம் இரவும் செல்வோம். அதனை இரண்டாம் இரவாகவே கேட்போம். குரல் கம்மியிருப்பின் ஓய்வு கொள்ளுமாறு நாமே வேண்டுவோம். பொருள் கொடுப்பின், பாட்டைக் கேளாது கொடுப்போம். நிலையாமையை நாவால் ஓதும் நாம், நாம் விரும்புவாரிடத்தும் அதனை ஏற்றுக்கொள்ளப் பழகுவோமாக.