காசு தொடாத திருட்டு

சென்ற வாரம் கூடுவாஞ்சேரியில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து 'எல் பிரசிடெண்டே' என்ற தொடர் நாடகத்தைப் பார்த்து முடித்தேன். 2020-ல் வெளிவந்தது. சிலி நாட்டின் சிற்றூர்க் கால்பந்துக் குழு ஒன்றுக்குத் தலைவராக இருந்த செர்ஹியோ ஹாதுவே, தேச சம்மேளனத்துக்கே தலைவராகி லஞ்சத்தில் மூழ்கிய கதை. 2015 மே மாதம் சூரிச் நகரத்து ஹோட்டலில் சர்வதேசக் கால்பந்துப் பிரமுகர்கள் கைதானார்களே, அந்த விவகாரம்தான்.

"திருடர்கள்!" என்று கோபத்தோடு எழுந்தேன். அந்தக் கோபத்தில் ஒரு சுகமும் இருந்தது. நான் லஞ்சம் வாங்கியவன் அல்லவே!

ஆனால், காசைத் தொடாமல் திருட முடியாதா?

எங்கள் தெருப் பையன்களின் பந்தாட்டச் சங்கத்துக்கு ஓராண்டுக்கென்று காரியதரிசியானேன். நான்காம் ஆண்டும் நானே இருந்தேன். கணக்கில் ஒரு ரூபாய் பிசகில்லை. 'என்னை விட்டால் யார் பார்ப்பார்கள்?' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் பையன் ஒருவன், "சார், எலெக்ஷன் எப்போ?" என்று மெல்லக் கேட்டான். அடுத்த போட்டிக்கு அவன் பெயர் பட்டியலில் இல்லை. எழுதாமல் விட்டவன் நான்தான்.

பெரிய இடத்திலும் நாற்காலி இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் பிரபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. வழக்கு நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டித் தேர்தல் தள்ளிப்போயிற்று. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அவரை விலக்கி மூவர் குழுவை நியமித்தது. வெளியார் தலையீடு என்று சொல்லிச் சர்வதேச ஸ்தாபனம் ஆகஸ்டில் இந்தியாவை ஒதுக்கி வைத்தது. அம்மாதக் கடைசியிலேயே தடை நீங்கியது. ஆனால் ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளக் குழுவின் பெண்கள் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்ப வேண்டியதாயிற்று.

லஞ்சப் பணத்தைச் சட்டம் ஒருவேளை மீட்டுத் தரலாம். பந்தாடுகிறவர்களுக்கு வயது கொஞ்சம். கைநழுவிய பருவத்தை எந்தக் கோர்ட் மீட்டுத் தரும்?

அந்தப் பையன் இப்போது மறைமலைநகரில் வேலை பார்க்கிறான். போன மாதம் ரயில் நிலையத்தில் கண்டதும் கைகூப்பினான்.

"இன்னும் ஆடுகிறாயா, தம்பி?" என்றேன்.

"இல்லை சார், அப்பவே விட்டுட்டேன்" என்றான் சிரித்தபடி.

அவன் கோபித்திருக்கலாம்.