கத்தரிக்காய்க் காம்பு

நண்பர்கள் எனக்குக் கொடுக்கும் வேலைகளிலேயே மிகவும் பிடிக்காதது, அவர்களுடைய பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் வேலை. கதை எழுதுகிறவனுக்கு உலகம் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தன் கதாபாத்திரங்கள் அடுத்தபடி என்ன செய்வார்கள் என்பது மட்டும்தான். அதுவும் பாதி நேரம் தெரிவதில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து நண்பர் போனில் கூப்பிட்டார். கல்லூரி நாளிலிருந்து பழக்கம். "பையன் உன் ஊருக்கு வாரான். ரெண்டு நாள் இருப்பான். நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பான்" என்றார்.

விஷயம் இதுதான். பையனுக்கு வயது இருபத்துநாலு. சென்னையில் நல்ல உத்தியோகம். அதை விட்டுவிட்டு, சீஷத்துவப் பயிற்சி என்று ஐந்து மாதப் படிப்பில் சேர்ந்துவிட்டான். மூன்று மாதம் வகுப்பு. பிறகு இரண்டு மாதம் குழுவாக வடக்கே கிராமங்களில் ஊழியம். அந்த இரண்டு மாதத்தின் நடுவில் அக்காவின் கல்யாணம் வந்து விழுந்திருக்கிறது. பயிற்சித் தலைவர் விடுப்புத் தர மறுத்துவிட்டார். கலப்பையில் கை வைத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது என்கிறாராம். பையனும் சரி என்றுவிட்டானாம். தாயார் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

வகுப்பு முடிந்து ஊழியத்துக்குப் புறப்படுமுன் கிடைத்த இரண்டு நாள் விடுமுறையில் அவன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் ஒன்றில் நான் குடியிருக்கிறேன். காவி கட்டினவர்களும், பையைத் தோளில் மாட்டிய வெள்ளைக்காரர்களும், மயில்களும், குரங்குகளும் கலந்து நடமாடும் இடம். பையன் ஒரு சிறிய பெட்டியோடு வந்தான். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்தான். என் மனைவி திடுக்கிட்டுப் போனாள். மூன்று வருஷத்துக்கு முன் வந்தபோது தண்ணீர்ச் சொம்பைக்கூட நகர்த்தாத பிள்ளை.

"அங்கே எல்லாம் நாங்கதான், மாமா" என்றான். சொல்லச் சொல்லச் சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு மணி. எழுந்ததும் ஆளுக்கொரு மரத்தடியாகப் பார்த்து உட்கார்ந்து, வேதப் புத்தகமும் ஒரு நோட்டுமாக ஒரு மணி நேரம் மௌனம். பிறகு கூட்டு ஜெபம், காலை உணவு, பாத்திரம் தேய்த்தல். பகலெல்லாம் பாடம். வாரத்துக்கொரு ஆசிரியர் வருவார். ஒருவர் மன்னிப்பைப் பற்றி, ஒருவர் பணத்தைப் பற்றி. மாலையில் தோட்ட வேலை அல்லது கக்கூஸ் கழுவும் முறை. இரவு ஒரு உலகப் படத்தை விரித்துவைத்து, நாட்டுக்கு நாடு விரலை வைத்து அந்த ஜனங்களுக்காக ஜெபிப்பார்களாம். ஒரு அறையில் எட்டுப் பேர். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தருவார்கள்.

"எது கஷ்டமாயிருந்தது?"

அவன் யோசித்தான். "கக்கூஸ் இல்லை. எட்டுப் பேரில் ஒருத்தன் ராத்திரி பூரா குறட்டை விடுவான். அவனை நேசிக்கிறதுதான்."

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு அவன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. புத்தி சொல்லும் வேலை இன்னும் கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் காலையில் ஆசிரமத்துக்கு அழைத்துப்போனேன். வாசலில் சற்றுத் தயங்கினான். அப்புறம் செருப்பைக் கழற்றினான். சாதுக்களும் ஏழைகளும் அன்னத்துக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு மணி அடித்தது. "இங்கேயும் மணிதானா?" என்று சிரித்தான். வேத பாராயணம் உண்டு என்று சொன்னபோது இன்னும் கொஞ்சம் சிரித்தான். அவன் வீட்டில் வேதம் என்றால் வேறு புத்தகம். சீஷன் என்று அவன் சொல்வதும் சீடன் என்று நான் சொல்வதும் ஒரே சொல்லின் இரண்டு வேஷங்கள்தானே!

சாப்பாட்டுக் கூடத்துக்கு அருகே நிற்கும்போது சம்பூர்ணம்மாள் கதையைச் சொன்னேன். அந்த அம்மாள் ரமணர் காலத்தில் இங்கே சமைத்தவர்களில் ஒருவர். ரமணரே பல வருஷம் விடியுமுன் எழுந்து வந்து, சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியவர். ஒருநாள் பிஞ்சுக் கத்தரிக்காய். காம்பு மட்டும் தடித்து முள்ளும் முடிச்சுமாக ஒரு குவியல் மிஞ்சியது. அதைத் தனியாகக் கறி செய்யச் சொன்னார். காம்பையா! கேட்க யாருக்கும் தைரியமில்லை. கிளறினார்கள், கிளறினார்கள், மணிக்கணக்காகக் கிளறினார்கள். விறகு மாதிரியே கிடந்தது. கடைசியில் எப்படியோ வெந்தது. ரமணர் அதை ருசித்துச் சாப்பிட்டார். அன்று வெந்தது காம்பு மட்டுமல்ல என்றுதான் அந்த அம்மாள் பிற்காலத்தில் நினைத்துக்கொண்டார்.

"எங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு சொன்னாங்க" என்றான் பையன். எகிப்துப் பாலைவனத்தில், பழைய காலத்துத் துறவிகளில், குள்ள யோவான் என்று ஒருவர். அவருடைய குரு ஒரு காய்ந்த குச்சியை மணலில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்று என்றார். தண்ணீரோ சாயங்காலம் புறப்பட்டால் விடிகாலைதான் திரும்பலாம் என்கிற தூரத்தில். மூன்று வருஷம் ஊற்றினார். குச்சி துளிர்த்துக் காய்த்தது.

திருவண்ணாமலைக் காம்பும் எகிப்துக் குச்சியும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. அர்த்தமில்லாத சிறு கட்டளைக்கு அடங்குவதில் மனிதனுக்குள் எதுவோ வேகத்தான் செய்கிறது. சுதந்திரம், சுயசிந்தனை என்று நாற்பது வருஷம் எழுதிய கை இதை எழுதக் கூசுகிறது. ஆனால், தன் தட்டைத் தானே கழுவிய பிள்ளை என் எதிரில் நின்றுகொண்டிருந்தான். நான் எழுதிய எந்தக் கட்டுரையும் அவனை அது செய்ய வைத்திருக்காது.

"எங்களவங்க யாராவது இங்கே வந்திருக்காங்களா, மாமா?" என்று கேட்டான்.

வந்திருக்கிறார்கள். பக்கத்துத் திருப்பத்தூரில் 1921-லேயே ஏசுதாசன் என்ற தமிழரும் பாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரருமாக இரண்டு டாக்டர்கள் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமம் கண்டார்கள். ஆனால் நான் அவனுக்குச் சொன்னது ஆன்ரி லெ சோ என்ற பிரெஞ்சுப் பாதிரியாரைப் பற்றி. பெனடிக்ட் சபைத் துறவி. கீழ்ப்படிதல் என்பது அங்கே வாயால் சொல்லிச் செய்யும் பிரதிக்ஞை. 1934-ல் அவருக்கு இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று தோன்றியது. மேலிடத்து அனுமதி கிடைத்துக் கப்பல் ஏறியது 1948-ல். பதினாலு வருஷம்! ராமன் காட்டில் இருந்த காலம், இவர் காத்திருந்தார். 1949 ஜனவரியில் இங்கே வந்து ரமணரைப் பார்த்தார். முதலில் ஏமாற்றம், யாரோ ஒரு நல்ல தாத்தா மாதிரி தெரிந்ததாம். வந்த இடத்தில் காய்ச்சல் வேறு. பிறகுதான் அந்த முகமும் பாராயணத்தின் ஒலியும் உள்ளே இறங்கின. 1950-ல் குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் மோன்ஷானின் பாதிரியாரோடு சாந்திவனம் அமைத்தார்; அபிஷிக்தானந்தர் ஆனார்; இந்த மலைக் குகைகளில் வந்து வந்து மௌனத்தில் இருந்தார். திருக்கோவலூர் ஞானானந்த கிரியின் காலடியில் உட்கார்ந்தார். தம் பூசையையும் விடவில்லை, மலையையும் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் பட்ட வேதனை கொஞ்சமில்லை. 1973-ல் இந்தூரில் இறக்கும்வரை பிரான்சுக்குத் திரும்பவே இல்லை.

பையன் பதினாலு வருஷத்தைப் பிடித்துக்கொண்டான். "அவ்வளவு நாள் கீழ்ப்படிஞ்சாரே!"

இதுதான் சமயம் என்று நான் ஆரம்பித்தேன். மனத்தில் ஒரு அளவுகோல் தயாராக வைத்திருந்தேன். கட்டளையிடுகிறவன் தானும் அந்தக் கட்டளையைச் சுமக்கிறானா என்பதே அது. காம்பை வேகவைக்கச் சொன்னவர் அதே அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கினவர். நாற்காலியில் இருந்துகொண்டு பிறத்தியான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதே என்பது வேறு. உங்கள் தலைவர் தம் வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லையா?

"போகலை, மாமா. அவர் ஊழியத்தில் இருந்தப்போ அவங்க அம்மா செத்துப்போனாங்க. மண்ணுக்குக்கூடப் போகலை. அதைச் சொல்லும்போது அழுதுட்டார்."

என் அளவுகோல் முறிந்துவிட்டது. கட்டளையிட்டவர் என்னைவிட அதிகமாகக் கொடுத்தவர். ஆனாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவன் தன் கையை வெட்டிக்கொண்டான் என்பதால் பிறர் கையைக் கேட்கும் அதிகாரம் வந்துவிடுமா? இன்னும் ஒன்று: இங்கே கேட்கப்படுவது பையனுடைய கைகூட அல்ல. கத்தரிக்காய்க் காம்பில் நொந்தது சமைத்தவர்களுடைய தோள்பட்டை. குச்சிக்குத் தண்ணீர் ஊற்றியதில் தேய்ந்தது யோவானுடைய கால். மணமேடையில் தம்பி இல்லாமல் நிற்கப்போகிறவள் அக்கா. அவளைக் கேட்டுக்கொண்டா இந்தப் பலியைக் கொடுக்கிறாய்?

இதைச் சொல்லும்போது எனக்கு ராமாநுஜர் நினைவு வந்தது. பதினெட்டுத் தடவை திருக்கோட்டியூர் நம்பியிடம் நடையாக நடந்தார். அதுவும் கீழ்ப்படிதல்தான். வெளியே சொல்லாதே என்ற ஆணையோடு மந்திரம் கிடைத்ததும், கோயில் மேல் ஏறி நின்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். நரகம் எனக்கு, மோட்சம் இவர்களுக்கு என்றார். குருவின் சொல்லை மீறியதற்கு விலையைத் தாமே கொடுத்தார்; லாபம் மற்றவர்களுக்கு. நம்பியும் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார் என்கிறது சம்பிரதாயம். நீ கீழ்ப்படிவதில் புண்ணியம் உனக்கு, விலை அக்காவுக்கு. கணக்கு தலைகீழாக இல்லையா?

நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கே ஒரு திருப்தி. பையன் பேசாமல் இருந்தான். பிறகு, ஆசிரமத்துக்குப் பின்னால் தெரிகிற மலையைப் பார்த்தபடி, "ரமணர் வீட்டை விட்டு வந்தப்போ அவர் அம்மாவைக் கேட்டுக்கிட்டா வந்தார்?" என்றான்.

இல்லை. 1896-ல் பதினாறு வயதில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு மதுரையிலிருந்து கிளம்பி வந்தவர். 1898 டிசம்பரில் தாயார் அழகம்மாள் தேடிக்கொண்டு வந்து, பவழக்குன்றில் அவர்முன் நின்று நாள்கணக்கில் அழுதாள். பிள்ளை வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் காகிதமும் பென்சிலும் கொடுக்க, நடப்பது நடந்தே தீரும், மௌனமாயிருப்பதே நல்லது என்கிற பொருள்பட எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு அந்தத் தாய் மலையிறங்கிப் போனாள்.

"அப்போ அவர் செஞ்சது தப்பா, மாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் சமாதிக்கு இருபது கஜத்தில் நின்றுகொண்டு சொல்வதாவது! தப்பில்லை என்றால் நான் சொன்ன கணக்கு அத்தனையும் போச்சு. பெரியவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நம் ஊரில் அதுதான் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கதையின் மிச்சத்தை மட்டும் சொன்னேன். 1916-ல் அழகம்மாள் பிள்ளையோடேயே இருந்துவிட வந்தாள். ஸ்கந்தாசிரமத்தில் அவள் அடுப்பு மூட்டினாள். பிச்சையெடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அதற்குப் பிறகுதான் சமையல் என்று ஒன்று வந்தது. 1922 மே 19-ந் தேதி அவள் உயிர் பிரியும்போது, காலையிலிருந்து இரவுவரை பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கை அவள் மார்பில், ஒரு கை தலையில். மலையடிவாரத்தில் அவளை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இந்த ஆசிரமமே எழுந்தது. நாம் பேசிக்கொண்டிருக்கிற சமையற்கட்டு அவள் மூட்டிய அடுப்பின் தொடர்ச்சி.

பையன் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. உள்ளே போய்த் தரையில் இலை முன்னால் உட்கார்ந்தோம். கண்ணை மூடித் தன் வழக்கப்படி ஜெபம் செய்துவிட்டுச் சாப்பிட்டான்.

அன்றிரவு நண்பர் மறுபடியும் போன் செய்தார். "சொன்னியா?" என்றார். பேசினோம் என்றேன். "பேசினதைக் கேக்கலை. கல்யாணத்துக்கு வாடான்னு சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். பையன் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய், "போய்ட்டு வந்துடு தம்பி" என்று சொல்லியிருக்கலாம். மூன்று மாதப் பழக்கத்தில் அவன் யார் சொன்னாலும் கேட்கும் பக்குவத்தில் இருந்தான். நான் சொன்னாலும் கேட்டிருப்பான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது தெரிந்ததுதான் என்னை நாற்காலியோடு பிடித்து உட்கார்த்திவிட்டது. ஒரு தலைவர் போதாதென்று நான் வேறா?

விடியுமுன் எழுந்து, கொல்லைப்புறத்தில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினான். என் மனைவி இட்லி கட்டிக் கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மாதா கோவிலில் நல்ல கூட்டம். பையன் வரவில்லை. நண்பர் எனக்குக் கை கொடுத்தார். அதற்கு மேல் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. மணப்பெண்தான் சாப்பாட்டுப் பந்தலில் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு தம்பியிடமிருந்து எட்டுப் பக்கக் கடிதம் வந்ததாகச் சொன்னாள். வீட்டில் எல்லாரும் கேட்டும் அவள் அதை யாருக்கும் காட்டவில்லையாம். எனக்கும் காட்டவில்லை.