நாள்தோறும் ஒரு குடம்

திருப்பதியிலும் சித்தூரிலும் பல இல்லங்களின் பூஜையறையில் வாய் அடைக்கப்பட்ட சிறிய செப்புச் சொம்பு ஒன்றைக் காணலாம். இமயமலை யாத்திரை சென்றவர்கள் பக்தியுடன் கொண்டுவந்த கங்கை நீர் அதில் இருக்கும். அவர்களுள் சிலர் கங்கோத்ரி ஆலயத்தைத் தரிசித்துத் திரும்பிவிடுவர். உடல்வலிமை உள்ளவர்கள் அங்கிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடந்து, கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்திலுள்ள கோமுகத்தை அடைவர். பனியாற்றின் வாயிலிருந்து பாகீரதி பேரோசையுடன் வெளிப்படும் அக்காட்சியைக் கண்டு கண்ணீர் பெருக்குவோர் பலர். ஆனால் அங்கே நிற்கக் கிடைப்பதோ சில மணி நேரமே. மாலைக்குள் திரும்பியாக வேண்டும்.

ஊர் வந்ததும் சொம்பு பூஜையறையில் அமர்ந்துவிடுகிறது. மனம் எங்கே சென்று அமர்கிறது? யாத்திரை சென்று வந்த ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பனியாற்றின் வரவும் செலவும்

கங்கோத்ரிப் பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. அது ஒரு நாளில் உருவானதன்று. உயர்ந்த சிகரங்களின் மடியில் ஆண்டுதோறும் பனி விழுகிறது. ஒரு படிவத்தின்மேல் மற்றொரு படிவம் சேர்ந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்கிறது. மேலே சேர்கிறது; கீழே உருகுகிறது. சேர்வதும் உருகுவதும் ஒத்திருக்கும்வரை பனியாறு நிலைபெறும். உருகுவது மிகுந்தால் அது பின்வாங்கும். 1935-ஆம் ஆண்டிலிருந்து 1996-ஆம் ஆண்டிற்குள் கோமுகத்தின் பனிமுகப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. வெளியே நீர் பொங்கிப் பாய்ந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே இருப்பு குறைந்துகொண்டே வந்தது.

சாதகனின் நிலையும் இத்தகையதே. நற்பணிகள் செய்கிறான், பிறருக்கு நல்லுரை கூறுகிறான், விழாக்களை முன்னின்று நடத்துகிறான். வெளியே பார்ப்பவர்களுக்கு எல்லாம் நிறைவாகவே தோன்றும். ஆனால் அதிகாலை ஜபமும் தனிமையில் செய்யும் பிரார்த்தனையும் நின்றுபோனால், அவன் பழைய சேமிப்பையே செலவிடுகிறான். எப்போதோ செய்த யாத்திரையின் நினைவு எத்தனை காலம் தாங்கும்?

திருமலை தரும் விடை

இமயம் செல்ல இயலாதவர்களுக்கு வேங்கட மலையே விடை தருகிறது. இங்கே பனி இல்லை. மழைநீரைச் சேஷாசலக் காட்டின் மண்ணும் பாறைப் பிளவுகளும் வாங்கி வைத்துக்கொண்டு, ஊற்றாகவும் அருவியாகவும் சிறுகச் சிறுகத் தருகின்றன. திருமலைக்கு வரும் அன்பர்கள் ஒரே நாளில் ஆகாச கங்கையையும் பாபவிநாசத்தையும் கண்டு திரும்பலாம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதே பாபவிநாசத்திற்கு ஒருவர் நாள்தோறும் நடந்தார். அவர் ஸ்ரீராமானுஜரின் தாய்மாமனான திருமலை நம்பி. வேங்கடவனின் ஆராதனைக்குத் தீர்த்தம் கொண்டுவருவதே அவர் ஏற்ற கைங்கர்யம். ஒரு நாள் வேடன் வடிவில் வந்த பெருமான், தாகத்திற்கு நீர் கேட்டதாக வைணவ மரபு கூறுகிறது. பெருமானுக்கு உரியதைத் தர இயலாது என்றார் நம்பி. வேடனோ அம்பால் குடத்தைத் துளைத்து, ஒழுகிய நீரைப் பருகிவிட்டான். ஆராதனைக்கு நேரமாயிற்றே, மீண்டும் அத்தனை தொலைவு நடக்க வேண்டுமே என்று முதியவர் கலங்கினார். வேடன் அருகிலிருந்த பாறையின்மீது அம்பெய்தான். அங்கே பெருகிய நீரே ஆகாச கங்கை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறைவன் தம் தொண்டரின் வழித்தொலைவைக் குறைத்தாரே அன்றித் தொண்டை நிறுத்திவிடவில்லை. 'இனி நீர் வேண்டாம், நீர் ஓய்வெடும்' என்று அவர் கூறவில்லை. மறுநாளும் குடம் சுமக்கப்பட்டது. இன்றும் ஆகாச கங்கைத் தீர்த்தம் ஆலயத்திற்கு வருகிறது. ஆண்டுதோறும் தண்ணீரமுது உற்சவம் அந்தத் தொண்டினை நினைவூட்டுகிறது.

இந்த நம்பியிடம்தான் ஸ்ரீராமானுஜர் ஓராண்டு காலம் ஸ்ரீராமாயணத்தின் உட்பொருளைக் கற்றார். நாள்தோறும் நிறைந்துவந்த உள்ளமாதலால், கேட்டவர்க்கு வழங்கியும் அது வற்றவில்லை.

சொம்பைத் திறத்தல்

கோமுகம் சென்று வருவது பெரும்பேறு, ஐயமில்லை. ஆயினும் ஒரு நாள் கண்ட காட்சி, மறுநாள் விடியலில் எழுந்து அமரும் சாதனையாக மாறினால்தான் யாத்திரை நிறைவுறும். அந்தச் சாதனைக்கு நெடுந்தொலைவு நடக்க வேண்டியதில்லை. கால் மணி நேர ஜபம், ஒரு முதியவருக்குச் செய்யும் பணிவிடை, தாகத்தோடு வாசலில் நிற்பவருக்கு ஒரு குவளை நீர் ஆகிய இவையே அன்றாடம் சுமக்க வேண்டிய குடம். வழியில் குடம் துளைபட்டாலும் கலங்க வேண்டுவதில்லை. துளைத்தவன் யார் என்பது பின்னர்த் தெரியவரும்.

பூஜையறையில் அடைபட்டிருக்கும் அச்சொம்பு இன்று திறக்கப்படட்டும். அதன் ஒரு துளியோடு நாளைய தொண்டு தொடங்கட்டும்.