ஊசிமுனையும் ஹிம்சையும்

உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநறுங்கொண்டையில் இன்றும் அப்பாண்டைநாதரை வழிபட்டுவரும் தமிழ்ச் சமணர்கள், பொன்னூர் மலையில் தவம் செய்தவரென்று போற்றுகிற குந்தகுந்தாசாரியர், ஹிம்சைக்குப் பிரவசனசாரம் என்னும் நூலில் ஒரு கடுமையான லக்ஷணம் வகுத்தார்: உயிர் போனாலும் போகாவிட்டாலும் அஜாக்கிரதையாய் நடப்பவனுக்கு ஹிம்சை நிச்சயம், ஜாக்கிரதையாய் நடப்பவனுக்கோ, தீங்கு நேர்ந்தபோதிலும் கர்ம பந்தமில்லை என்பது அவர் சித்தாந்தம்.

அக்குபங்சர் வைத்தியத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2009-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், 2,29,230 பேரில் 8.6 சதவீதத்தினர் ஏதேனும் ஓர் உபாதையைத் தெரிவித்தார்கள். பெரும்பாலும் இரத்தக் கசிவு, வலி போன்றவை. நுரையீரலில் ஊசி பட்டு மார்புக்குள் காற்று புகுந்தவர்கள் இருவரே. அபூர்வம்தான். ஆயினும், மெலிந்த உடம்பில் தோள்பட்டைச் சதைக்குச் சற்றுக் கீழேயே நுரையீரல் இருப்பதை அறிந்தும் ஊசியை ஆழமாக இறக்குகிறவர், அன்று ஒன்றும் நேராமற்போனாலும், ஆசாரியரின் கணக்கில் குற்றவாளியே. (ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்திக் காமாலையைப் பரப்புவதைப் பற்றி விவாதமே வேண்டியதில்லை.)

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு என்ன சொல்வது? மார்பெலும்பின் நடுவே சிலருக்குப் பிறவியிலேயே ஒரு துவாரம் உண்டு. தடவிப் பார்த்து அதை அறிய முடியாது. அதன் பின்னால் இருப்பது இருதயம். அவ்வழியே ஊசி இறங்கி நேர்ந்த மரணமொன்றை 1995-இல் லான்ஸெட் பத்திரிகை விவரித்தது. அதற்கு முன் அறியாமை ஒரு சமாதானமாக இருந்திருக்கலாம். இன்று அவ்விடத்தில் ஊசியைச் சாய்த்து, தோலோடு ஒட்டி, மேலோட்டமாகச் செலுத்தத் தெரியாதவர் கைவைக்கலாகாது.

ஊசியை எடுத்ததோடு இந்த ஜாக்கிரதை தீர்ந்துவிடுவதுமில்லை. நுரையீரலில் ஊசி பட்டிருந்தால், கசியும் காற்று சில மணி நேரம் கழித்தே மூச்சைத் திணறடிக்கக்கூடும். கள்ளக்குறிச்சியில் சிகிச்சை முடித்துச் சாயங்கால பஸ்ஸில் வெள்ளிமலைக்கு, கல்வராயன் மலைமேல் ஏறிவிட்ட ஒருவருக்கு நடுநிசியில் மார்பு குத்தினால், ஊசியின் ஞாபகமே வராது. வாய்வுப் பிடிப்பென்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுப்பார். 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியோ மலைக்குக் கீழே இருக்கிறது. இதையெல்லாம் சொன்னால் நோயாளி மிரண்டுபோவார் என்று மறைக்கிற வைத்தியர்கள், அதைக் கருணையென்றே மனமார நம்புகிறார்கள். எனக்கென்னவோ அதில் தொழில் பயமும் கலந்திருப்பதாகப் படுகிறது. "ராத்திரி மூச்சு வாங்கினாலோ மார்பு குத்தினாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், முதுகில் அக்குபங்சர் ஊசி குத்தினதைச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க" என்று கூற அரை நிமிஷம் போதும்.